காற்றடைத்த பாண்டூன் படகு: குமரி மாவட்டத்தில் வாங்கி, கோர்த்து, பதிந்து, மீன்பிடிக்க இறக்குவது வரை

என்னுடைய படகு வளைகுடாவில் வேலை பார்க்கும் மைத்துனர் பெட்டியோடு கொண்டுவந்தது. வந்த மறுநாளே வீட்டு முற்றத்தில் காற்றடித்து, மினி லாரியில் ஏற்றி, தோவாளைப் பக்கம் ஒரு குளத்துக்குக் கொண்டுபோனேன். கரையில் இறக்கியதும் காவலுக்கு இருந்தவர் வந்தார். "அண்ணாச்சி, யாருகிட்ட கேட்டு இறக்குதீங்க?" என்றார். குளம் பொதுதானே என்றேன். "தண்ணி பொதுதான், மீனு ஏலத்துல போயாச்சுல்லா" என்றார். மறுபேச்சுக்கு இடமில்லை. காற்றைத் திறந்துவிட்டு, படகைச் சுருட்டிக்கொண்டு திரும்பினேன்.

அதனால் பம்பை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய காகித வேலையிலிருந்தே தொடங்குகிறேன். அவசரக்காரர்கள் கோர்க்கும் பகுதிக்குத் தாவலாம். ஆனால் பிறகு இங்கேதான் திரும்ப வர வேண்டியிருக்கும்.

எந்தப் படகைப் பற்றிப் பேசுகிறோம்

சுருட்டு வடிவில் இரண்டு நீளக் குழாய்கள், அவற்றின் மேல் ஒரு இரும்பு அல்லது அலுமினியச் சட்டம், சட்டத்தில் ஒரு நாற்காலி, இரண்டு துடுப்பு, கால் மிதி. எட்டு ஒன்பது அடி நீளம். ஒருவர் உட்கார்ந்து மீன்பிடிக்கும் அளவு. இதுதான் பாண்டூன். ரப்பர் டிங்கி வேறு, கயாக் வேறு. குழாயின் வெளியே தடித்த துணி உறை, உள்ளே பலூன் மாதிரி ஒரு பை. காற்று நிற்பது அந்தப் பையில்தான்.

இரண்டு மிதவை உள்ள படகை ஆங்கிலத்தில் கட்டமரான் என்பார்கள். நம் கட்டுமரத்திலிருந்து போன சொல். நம் கட்டுமரத்துக்கோ இரண்டு மிதவை கிடையாது, மரங்களைச் சேர்த்துக் கட்டியதுதான். பெயரை இங்கிருந்து கொண்டுபோனவர்கள் வடிவத்தை வேறெங்கோ எடுத்துக்கொண்டார்கள். இப்போது அந்த வடிவம் பெட்டியில் மடித்து நம் வீட்டுக்கே வருகிறது.

முதல் வேலை: தண்ணீர் யாருடையது?

நம் மாவட்டத்தில் சொந்தக்காரர் இல்லாத தண்ணீர் கிடையாது. பாசனக் குளங்கள் பெரும்பாலும் நீர்வளத்துறைக்கோ, ஊராட்சி அல்லது பேரூராட்சிக்கோ உரியவை. குளம் அரசுடையதாக இருந்தாலும் மீன்பாசி உரிமை ஏலத்தில் வேறொருவரிடம் இருக்கும். அவர் மீன்குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கிறார். கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் அவர் போட்ட முதல். ஆகவே இரண்டு பேரிடம் கேட்க வேண்டும்: குளத்துக்குரிய அலுவலகம், மீனுக்குரிய குத்தகைதாரர். வாய்ச்சொல் போதாது. குத்தகை வருடம் முடிந்து ஆள் மாறினால் பழைய அனுமதிக்கு மதிப்பில்லை, அதனால் தேதி போட்டு எழுதி வாங்குங்கள்.

சில இடங்களை யோசனையிலிருந்தே எடுத்துவிடுங்கள். சுசீந்திரம், தேரூர் குளங்கள் வலசைப் பறவைகளுக்காகப் பாதுகாக்கப்படுபவை. 2022இல் அவை ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தன. வேம்பனூரும் அதே ஆண்டு சேர்ந்தது. மணக்குடிக் காயலும் பாதுகாப்புப் பகுதியோடு இணைந்ததுதான். அலையாத்தி மரங்கள் நிற்கிற அந்த இடத்தில் மோட்டார் சத்தத்தோடு போவது சரியில்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைச் சுற்றி வனத்துறைக் காடு, அணை நீர்வளத்துறையிடம். இரண்டு துறையும் எழுத்தில் சம்மதிக்காமல் அங்கே படகோடு போவதென்றால் வழக்கோடுதான் திரும்ப வேண்டும்.

பிறகு எங்கேதான் போவது? சொந்தப் பண்ணைக்குட்டை இருந்தால் சிக்கலே இல்லை. இல்லாவிட்டால் கல்குளம், விளவங்கோடு வட்டாரத்தில் தென்னந்தோப்புக்கு நடுவே கிடக்கும் சின்னக் குளங்கள். குத்தகைக்காரரிடம், "இத்தனை கிலோவுக்கு மேல் எடுக்க மாட்டேன், கெளுத்தியும் திலேபியாவும்தான் பிடிப்பேன்" என்று பேசினால் பாதிப்பேர் ஒத்துக்கொள்வார்கள். திலேபியா தானாகப் பெருகி மற்ற மீனின் தீனியைத் தின்னும். அதை நீங்கள் பிடித்தால் அவருக்கு லாபம்தான்.

பதிவு: துடுப்பு, மோட்டார், கடல்

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துக் குழம்பியவர்கள் பலர். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் துடுப்பு மட்டும் போட்டால் பதிவு வேண்டாம். சின்ன மின்சார மோட்டார் பொருத்தினாலும் பதிவு வேண்டும். எண்ணை மூன்று அங்குல உயரத்தில் இரு பக்கமும் காட்ட வேண்டும். துணி உறையில் ஸ்டிக்கர் நிற்காது என்பதால் பிளாஸ்டிக் பலகையில் எண் எழுதிப் படகின் சட்டத்தில் கட்டிக்கொள்வார்கள். அதெல்லாம் அவர்கள் நாட்டு விதி. அந்த ஊர் எண்ணை இங்கே ஒட்டிக்கொண்டு போனால் போலீஸ் கேட்கும் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் இருக்கும்.

இங்கே மூன்று நிலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

துடுப்பு மட்டும் போட்டு, தனியார் குட்டையிலோ அனுமதி பெற்ற குளத்திலோ இறக்குவது முதல் நிலை. இங்கே முக்கியம் அந்த அனுமதிக் கடிதம். 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் மோட்டார் இல்லாத கலங்களை உள்ளாட்சி அளவில் பட்டியலில் சேர்க்க வழி வைத்திருக்கிறது. எனவே குளம் எந்த ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ இருக்கிறதோ அந்த அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வையுங்கள். எழுத்தர் முதலில் சிரிப்பார், பரவாயில்லை.

மோட்டார் பொருத்துவது இரண்டாம் நிலை. இயந்திரத்தால் ஓடும் உள்நாட்டுக் கலத்துக்கு அதே சட்டம் ஆய்வும் பதிவும் கேட்கிறது. பேட்டரி மோட்டார் சின்னதுதானே என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். மோட்டார் வாங்குவதற்கு முன்பே, மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநருக்கும் குளத்துக்குரிய அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதில் இழுத்தடித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு போடலாம். அங்கே எண் போட்டு ரசீது கிடைக்கும்.

மூன்றாம் நிலை கடல். கடலில் மீன்பிடிக்கும் கலத்துக்கு மீன்வளத்துறைப் பதிவும், 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமமும் வேண்டும். விண்ணப்பம் ரியல்கிராஃப்ட் என்ற மத்திய இணையதளம் வழியாகப் போகிறது; ஆய்வாளர் வந்து கலத்தைப் பார்ப்பார்; கட்டிய நிறுவனத்தின் சான்று, இயந்திர ரசீது, அடையாள ஆவணம் எல்லாம் கேட்பார்கள். குளச்சல் துறைமுகத்தில் நிற்கும் படகுகளின் பக்கவாட்டில் ஐஎன்டி-டிஎன்-15 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். 15 நம் மாவட்டத்துக்குரியது. தடைக்காலமும் நம் மாவட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது: சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகளுக்கான தடை அது.

ஆனால் என் பேச்சைக் கேட்பதென்றால் இந்த மூன்றாம் நிலைக்குப் போகவே வேண்டாம். பாண்டூன் கடலுக்கான கலமே இல்லை. மேற்குக் கரையில் அலை உடையும் இடத்தைத் தாண்டவே வள்ளக்காரர்களுக்கு அனுபவம் வேண்டியிருக்கிறது. காற்றே இல்லாத நாளிலும், எங்கோ தெற்கே கிளம்பிய நீள அலை கள்ளக்கடலாக வந்து கரையில் ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது அதுதான். அவர்கள் படகில்கூடப் போகவில்லை. கடலோரத்தில் ஏதாவது ஆபத்தைக் கண்டால் அழைக்க இரண்டு எண்கள்: கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554.

கோப்பு

ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இவை இருக்கட்டும்: வாங்கிய ரசீது, வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் சுங்கத் தீர்வை கட்டிய சீட்டு, படகின் சட்டத்தில் இருக்கும் வரிசை எண் தகட்டின் படம், படகின் முன் பக்கவாட்டுப் படங்கள், ஆதார் நகல், அனுமதிக் கடிதங்கள், முத்திரை வாங்கிய மனு நகல். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் 12 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் ஒன்று தகட்டில் இருக்கும். அதைத் தவறில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். மனுவில் நீளம், எத்தனை பேர் ஏறுவார்கள், துடுப்பா மோட்டாரா, மோட்டாரின் திறன், எந்தக் குளம், எந்த நேரம், வியாபாரத்துக்கு அல்ல என்பது எல்லாம் இருக்க வேண்டும். "படகு விட அனுமதி வேண்டும்" என்று மட்டும் எழுதினால் சுற்றுலாப் படகு என்று நினைத்து வேறு மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் மூன்று வாரம் போயிற்று.

நம்பர் பிளேட் அடிக்கும் கடையில் ஒரு சின்னப் பலகை செய்து, உங்கள் பெயர், ஊர், கைபேசி எண், பதிவு எண் கிடைத்தால் அதுவும் எழுதி, சட்டத்தில் பின்பக்கம் கட்டுங்கள். படகு காற்றில் அடித்துக்கொண்டு போனால்கூட யாராவது கூப்பிடுவார்கள்.

கோர்ப்பது

பழைய ஃபிளக்ஸ் பேனர் இரண்டு போதும். தேர்தல் முடிந்த வாரம் இலவசமாகவே கிடைக்கும். அதை விரித்து அதன் மேல்தான் எல்லா வேலையும். ஜல்லித் தரையில் குழாயை இழுத்தால் உறை தேய்ந்துவிடும்.

குழாய்களை நேராக விரித்து, ஜிப்பைத் திறந்து, உள்ளே பை முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வால்வு, உறையின் துளைக்கு நேராக நிற்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு காற்று விட்டு, பை உறைக்குள் சீராகப் படர்ந்ததும் ஜிப்பை மூடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பை ஒரு மூலையில் மடிந்து நின்று, முழுக் காற்று ஏறும்போது மடிப்பிலேயே கிழியும்.

பாதிக் காற்றில் சட்டத்தைத் தூக்கி வைத்துப் பட்டைகளைத் தளர்வாகப் போடுங்கள். பிறகு கார் சக்கர நட்டு முடுக்குவதுபோல எதிரெதிர் மூலையாக இழுத்துக் கட்டுங்கள். ஒரே பக்கத்தை முதலில் இறுக்கினால் சட்டம் கோணிக்கொள்ளும், படகு தண்ணீரில் வட்டமடிக்கும். சட்டத்தின் ஊசிகளுக்கெல்லாம் பூட்டுக் கம்பி இருக்கும். ஒன்று தொலைந்தால் கேபிள் டை போடலாம், சும்மா விடக்கூடாது. கால் மிதியை முழங்கால் சற்று மடிந்திருக்கும் தூரத்தில் வையுங்கள். துடுப்பு வலிக்கும் பலம் பாதி காலிலிருந்துதான் வருகிறது.

பெட்டியில் எழுதியிருக்கும் தாங்கும் எடையை அப்படியே நம்பிவிடாதீர்கள். 180 கிலோ என்றால் 135 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் 75, பேட்டரி 28, மோட்டார் 9, நங்கூரம், பெட்டி, தண்ணீர் என்று கூட்டினால் அது எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது என்று தெரியும்.

காற்று எவ்வளவு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். குமரி வெயிலில் படகு கெடுவது பெரும்பாலும் இதனால்தான்.

இந்தப் பைகளுக்குப் பொதுவாக 2, 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) அழுத்தமே போதும். சரியான அளவு வால்வின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். காலை 25 டிகிரியில் 2 பிஎஸ்ஐ அடித்துவிட்டு, படகை வெயிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறீர்கள். உள்ளே காற்று 55 டிகிரிக்குச் சூடேறுகிறது. அளவுமானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தம் மட்டும்; உள்ளே உண்மையில் இருப்பது வெளிக்காற்றின் 14.7ம் நாம் அடித்த 2ம் சேர்ந்து 16.7. அந்த 30 டிகிரிச் சூட்டில் அது ஏறக்குறைய பத்து சதவீதம் கூடி 18.4 ஆகும். வெளிக்காற்றைக் கழித்தால் 3.7. அதாவது சூடு கூடியது கொஞ்சம்தான், ஆனால் பை தாங்க வேண்டியது ஏறக்குறைய இரண்டு மடங்கு. என் முதல் பை தையலோரத்தில் வெடித்தது இப்படித்தான். விற்றவர் குறை என்று மைத்துனரிடம் புலம்பினேன், என் குறைதான்.

எனவே கரையில் கொஞ்சம் குறைவாக அடியுங்கள், கையால் அமுக்கினால் லேசாகக் குழியும் அளவு. தண்ணீரில் இறக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். குளத்துத் தண்ணீர் பையைக் குளிர்வித்துத் தொய்ய வைக்கும். அப்போது மீதியை அடியுங்கள். கரையேறியதும் முதல் வேலையாகக் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுங்கள். லாரி டயருக்கு அடிக்கும் கம்ப்ரஸரை இதன் பக்கமே கொண்டுவராதீர்கள். கால் பம்பு போதும்.

கசிவு பார்ப்பதும் இதோடு சேர்ந்ததுதான். முழுக் காற்றோடு நிழலில் ஒரு ராத்திரி வையுங்கள். விடிந்ததும் இரண்டு குழாயும் ஒரே மாதிரி தொய்ந்திருந்தால் அது குளிர்ச்சி, கவலை வேண்டாம். ஒன்று மட்டும் தொய்ந்திருந்தால் கசிவு. சோப்புத் தண்ணீரை முதலில் வால்வைச் சுற்றித் தடவுங்கள். பாதி நேரம் குற்றவாளி வால்வு வளையத்தில் ஒட்டிய மணல்தான்.

மோட்டாரும் பேட்டரியும்

மோட்டாரை உந்து பலத்தைப் பவுண்டில் சொல்லி விற்பார்கள். மொத்த எடை நூறு பவுண்டுக்கு இரண்டு பவுண்டு உந்து பலம் என்பது பழைய கணக்கு. நம் படகுக்கு 30 பவுண்டு மோட்டார் தாராளம். அது முழு வேகத்தில் 30 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 50 ஆம்பியர்-மணி (ஏஹெச்) பேட்டரி ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பாதி வேகத்தில் பல மடங்கு நேரம் வரும்.

கார் பேட்டரி வேண்டாம். அது ஒரே உதையில் இன்ஜினைக் கிளப்பச் செய்தது. அடிவரை காலி செய்து காலி செய்து ஏற்றினால் சீக்கிரம் சாகும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கி வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, அமிலமும் உண்டு. பின்னால் தாழ்ந்து, முன்னால் தூக்கி, மாட்டு வண்டி குடைசாய்ந்த கோலத்தில் நிற்கும். பணம் இருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்குங்கள். 50 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறேழு கிலோதான். பேட்டரி முனையருகே 50 ஆம்பியர் பிரேக்கர் கட்டாயம் போடுங்கள். தாமரைக் கொடி விசிறியில் சுற்றிக்கொண்டால் மோட்டார் சுற்ற முடியாமல் மின்சாரத்தை இழுத்து வயரை உருக்கும்.

இறக்குவது, வலிப்பது, காற்று

முதல் நாள் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் துடுப்போடு மட்டும் பழகுங்கள். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், நாற்காலிக்கு மெத்தையாக அல்ல.

பாண்டூனில் நீங்கள் முன்னோக்கி உட்கார்ந்திருப்பீர்கள். துடுப்பைத் தள்ளினால் முன்னால் போகும், இழுத்தால் பின்னால் போகும். தள்ளும் பலம் குறைவு, இழுக்கும் பலம் அதிகம். ஆகவே எதிர்காற்றில் சிக்கினால் காற்றுக்கு முதுகைக் காட்டித் திருப்பி, இழுத்து வலியுங்கள். இது தெரியாமல் அரைமணி நேரம் தள்ளித் தள்ளி ஓய்ந்தவன் சொல்கிறேன்.

காற்றுதான் இந்தப் படகின் எதிரி. தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் அடிப்பகுதி இதற்கு இல்லை, மேலேயே மிதக்கும். லேசான காற்றிலும் பாய்மரம் மாதிரி தள்ளிக்கொண்டு போகும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கக் குளங்களில் இறக்கவே வேண்டாம். மற்ற இடங்களிலும் விடியலில் இறங்கி ஒன்பது, பத்து மணிக்குள் ஏறிவிடுங்கள். முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். மாற்றிச் செய்தால் அடுத்த கரையிலிருந்து படகைத் தலையில் சுமந்துதான் வர வேண்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல மாதங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளம் வந்தபோது குளமும் வயலும் ஒன்றானதைப் பார்த்தோம். கலிங்கு வழியும் குளத்தில் ஒருபோதும் இறக்காதீர்கள்; கலிங்கை நோக்கி இழுப்பது கரையிலிருந்து பார்த்தால் தெரியாது.

நங்கூரம் பற்றி ஒரு சொல். நிற்கும் தண்ணீரில் மட்டும் போடுங்கள். பழையாற்றிலோ குழித்துறை ஆற்றிலோ ஓட்டத்தில் நங்கூரம் போட்டால், கயிறு படகின் பின்பக்கத்தைக் கீழே இழுக்க, தண்ணீர் மேலே ஏறும். கயிறை அறுக்க ஒரு கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

முள்

இந்த ஊரில் முள் இல்லாத கரை எது? தாழைமுள், கருவேலமுள், தாமரைத் தண்டின் முள் எல்லாம் உண்டு. ஆனால் அதிகம் பஞ்சர் ஆக்குவது பிடித்த மீன்தான். கெளுத்தியின் பக்கவாட்டு முள்ளும் திலேபியாவின் முதுகு முள்ளும் துணி உறையைத் தாண்டிக் குத்தும். மீனைக் குழாயின் மேல் வைத்துத் தூண்டிலைக் கழற்றாதீர்கள். மடிமேல் ஒரு சாக்கு, காலடியில் மூடி போட்ட வாளி.

சைக்கிள் கடைப் பஞ்சர் ஒட்டு பிவிசியில் நிற்காது. பிவிசிக்கென்றே உள்ள பசை வாங்கி, துளையைச் சுற்றி இரண்டு அங்குலம் வருமாறு வட்டமாக வெட்டிய துண்டை ஒட்டி, 24 மணி நேரம் பளு வைத்து விடுங்கள். சதுரமாக வெட்டினால் மூலை உரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு

நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, ஜிப்பைத் திறந்து உள்ளே ஈரம் இல்லை என்று பார்த்து, பைகளில் முகப்பவுடர் தூவிச் சுருட்டுங்கள். இரண்டு பைகளையும் மடித்த மடிப்பிலேயே மடிக்காமல் ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றுங்கள். சுருட்டியதைத் தரையில் போடாதீர்கள். எலிக்கு மீன்வாடை பிடிக்கும்; உறையைக் கடித்துவிட்டு உள்ளே பையில்தான் குட்டி போடும். நான் மச்சு உத்தரத்தில் இரண்டு கொக்கி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். கோப்பும் அதே கொக்கியில்தான் தொங்குகிறது.